உடும்பு மார்க் அனுப்பிய பிள்ளையார் சுழி

பணி ஓய்வு பெற்றபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கலாம். அவையின் சிரிப்புக்கு இடம்விட்டு நிறுத்தி, அது அடங்கியபின் அடுத்த வாக்கியத்தை எடுக்கப் பழகியவன் நான். நடுவர் மணியடித்த பிறகும் ஒலிபெருக்கியின் கழுத்தை விடாதவர்களைப் பேச்சாளர் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. மணிக்கு முன்பே பேச்சை முடித்து, 'இன்னும் கொஞ்சம் பேசியிருக்கக் கூடாதா' என்று அவையை ஏங்கவிடுபவனே பேச்சாளன். கணினித் தொழிலிலும் அதையே செய்தேன். சில ஆண்டுகள் உழைத்தேன், வணங்கினேன், விடைபெற்றேன். இன்று பட்டிமன்ற மேடையே என் முழுநேரத் தொழில்.

ஆயினும் பழைய அலுவலகம் என்னை விடுவதாயில்லை. கோவில்பட்டிப் பேருந்து நிலையத்துக்கு அருகே, ஒரு மின்சாதனக் கடையின் மாடியில், இரண்டு அறைகளில் இயங்கும் நிறுவனம் அது. இப்போது அங்கே பணியாற்றும் இளைஞர் மூவர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் போதும்; இணையச் சேவைக்குப் போகவேண்டிய கோரிக்கையை அதுவே கட்டி, அதுவே அனுப்பி, விடையையும் அதுவே வாங்கி வந்துவிடுகிறதாம்.

"அப்ப கோரிக்கைக்குள்ள என்னென்ன இருக்குன்னு நீங்க பாக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குண்ணே பாக்கணும்? அதான் போயிருதுல்லா?"

"போகாத அன்னைக்கு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கான விடையே இக்கட்டுரை. நேரில் பேசியே விளக்குகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். "எழுதிக் கொடுத்திருங்கண்ணே" என்று மூவரும் ஒரே குரலில் வேண்டினார்கள். ஒருமித்த தீர்மானத்தை மதிப்பது மேடை மரபு.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் கணிதம் படித்தேன். படித்ததைக் காட்டிலும் பேசினேன். 'மனிதனை உயர்த்துவது அறிவா, உழைப்பா' என்னும் தலைப்பில் ஒரே வாரத்தில் இரண்டு ஊர்களில் இரண்டு அணிகளுக்கும் வாதாடி இரண்டிலும் கோப்பை வாங்கினேன். கோப்பைகளை வைக்க வீட்டு அலமாரியில் இடமில்லாமல் போனபோது அப்பா என்னைக் கணினிப் பயிற்சி மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பயிற்சி முடிந்து நேர்காணலுக்குச் சென்றேன். முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கான விடையை நான் முடிப்பதற்குள் மதிய உணவு வேளை வந்துவிட்டது. வாடிக்கையாளர்களிடம் பேச ஓர் ஆள் கிடைத்தான் என்று அவர் மகிழ்ந்தார்.

அலுவலகத்தின் வேலை எளிதில் விளங்கக்கூடியது. எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆலையிலிருந்து சரக்கு புறப்பட்டால், 'இத்தனை பண்டல், இந்த லாரியில், இன்ன ஊருக்கு' என்று சென்னையிலுள்ள வியாபாரிக்குத் தெரிவிக்க வேண்டும். முன்னே தொலைபேசியில் கத்தித் தெரிவித்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தப் பேச்சைக் கணினிகளே பேசத் தொடங்கின. இங்கிருக்கும் கணினி கேட்கும். அங்கிருக்கும் கணினி விடையளிக்கும். கேட்பதற்குக் கோரிக்கை என்று பெயர். கேட்கப்படும் இடத்துக்கு இணையச் சேவை என்று பெயர். இரண்டுக்கும் நடுவே மனிதர் எவரும் கிடையாது. பேச்சாளன் ஒருவனுக்கு இதைவிட அவமானகரமான தொழில் வேறு இருக்க முடியாது என்பதை நான் உணர்வதற்குச் சில மாதங்கள் ஆயின.

என் மேலதிகாரி செண்பகவல்லி மேடம் என்னைவிட இரண்டு வயது இளையவர். அதையாவது பொறுத்துக்கொண்டேன், அவர் பேசாமல் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையில் வந்தால் ஒரு 'ம்'. வேலையை முடித்துக் காட்டினால் ஒரு 'ம்'. நானும் செவிப்பயிற்சி உள்ளவன் ஆதலால் அந்த ஒற்றையெழுத்தை வகைப்படுத்தி வைத்திருந்தேன். குறுகி நின்றால் சரி. நீண்டு ஒலித்தால் தவறு. நீண்டு, இறுதியில் சற்றே மேலேறினால், அந்த அறையை விட்டு வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவது நலம்.

கோரிக்கை ஒன்று தோற்றுத் திரும்பினால் அவர் திரையைப் பார்க்க மாட்டார். அனுப்பியதை அனுப்பியபடியே, ஓரெழுத்து மாறாமல், புள்ளி அச்சுப்பொறியில் அடித்துவரச் சொல்வார். கரகரவென்று அது அடித்து முடித்ததும் காகிதத்தை மேசைமேல் விரித்து, மர ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்குவார். இறக்கும்போது நான்கு கேள்விகள் கேட்பார். அவர் ஒரு நாளில் பேசும் பேச்சில் பாதி அவைதாம்.

"என்ன செய்யச் சொல்லுதோம்? யாருகிட்டப் போறோம்? நம்மளப் பத்தி என்ன சொல்லுதோம்? கையில என்ன குடுக்குதோம்?"

கோரிக்கையின் உறுப்புகள் இந்த நான்கே. முதலாவது வினை: பார்க்க வந்தோமா, செய்விக்க வந்தோமா என்பது. இரண்டாவது முகவரி: எந்த ஊர்க் கணினியின் எந்த வாசல் என்பது. மூன்றாவது தலைப்பகுதி; ஹெடர் என்பார்கள். நாம் யார், என்ன எழுத்தில் எழுதியிருக்கிறோம், எழுதியதன் நீளம் எவ்வளவு என்னும் அறிமுகங்களை வரிக்கு ஒன்றாகச் சொல்லும் இடம். நான்காவது உடல்: சொல்ல வந்த செய்தி. தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையே ஒரு வெற்று வரி.

இதை நான் கேட்ட மாத்திரத்தில் மேடையோடு பொருத்திவிட்டேன். வினை என்பது தீர்மானம், முகவரி என்பது மன்றம், தலைப்பகுதி என்பது அவையடக்கமும் அறிமுகமும், வெற்று வரி என்பது பேச்சாளர் தண்ணீர் குடிக்கும் இடைவெளி, உடலே உரை. இந்த ஒப்புமையை மேடத்திடம் தக்க ஏற்ற இறக்கங்களோடு விளக்கினேன். இறுதிவரை கேட்டுவிட்டு, "வேலையப் பாருங்க முத்துக்குமார்" என்றார்.

வினையின் வலிமையை எனக்குக் கற்பித்தது பசுவந்தனை. அவ்வூர்க் கொத்தமல்லி வியாபாரி ஒருவருக்கு, லாரி அலுவலகத்தின் சேவை வழியாக ஒரு லாரி பதிவு செய்ய வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தினேன். அந்நாளைய இணைய இணைப்பு தொலைபேசிக் கம்பி வழியே முனகிக்கொண்டு வருவது, விடை வரவில்லை. மீண்டும் அழுத்தினேன். கேட்காத அவைக்குக் கருத்தைத் திரும்பச் சொல்வது பேச்சாளரின் கடமையல்லவா? மீண்டும் மீண்டும் அழுத்தினேன். பார்ப்பதற்கான வினையை எத்தனை முறை சொன்னாலும் பார்வைதான். செய்விப்பதற்கான வினையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு செயல். மறுநாள் காலை, கரிசல் மண் மழையில் குழைந்து கிடந்த அந்தத் தெருவில் நான்கு லாரிகள் வரிசையாக வந்து நின்றன.

வியாபாரி தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நான் மல்லி ஏத்தத்தான் லாரி கேட்டேன். ஊரையே ஏத்திட்டுப் போகவா ஆளனுப்பியிருக்க?"

மேடத்தின் 'ம்' அன்று மேலேறிய உயரத்துக்கு அதன்பின் என்றுமே ஏறியதில்லை.

இனி நான் சொல்ல வந்த வழக்குக்கு வருகிறேன்.

ரயில்வே கேட்டைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் உடும்பு மார்க் தீப்பெட்டி ஆலை இருந்தது. உரிமையாளர் தங்கமாரி அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. அவருடைய தீப்பெட்டி முழுவதையும் வாங்கியவர் சென்னை வியாபாரி ஒருவரே. அந்த வியாபாரி ஒரு நாள் அறிவித்துவிட்டார்: இனிச் சரக்கு அனுப்பும் தகவல் இணையச் சேவை வழியாக மட்டுமே வரவேண்டும். ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு சோதனை நாள். அந்நாளில் மூன்று வாய்ப்புகள். மூன்றிலும் தவறினால் கொள்முதல் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். மறுபடி சேர அடுத்த ஆண்டுதான் வழி.

"தம்பி, இது கைவிட்டுப் போச்சுன்னா தீவாளிக்கு முன்னால ஆலையப் பூட்டிற வேண்டியதுதான்" என்றார் அண்ணாச்சி, சோதனை நாளன்று மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குமுன். "பெட்டி அடைக்க வார பொம்பளையாளுக எல்லாம் 'நாளைக்கு வேலை உண்டா அண்ணாச்சி'ன்னு கேட்டுட்டு நிக்காக. வந்து சொல்லுதேன்னுட்டு வந்திருக்கேன்."

எங்களிடம் இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. அதில் இணையம் ஓடினால் பேச்சு ஓடாது. பேச்சு ஓடினால் இணையம் ஓடாது. ஆகையால் சென்னை வியாபாரியின் பொறியாளர் கோபியோடு பேசுவதற்காக மேடம் கீழே எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருந்தார். மாடியில் நானும் அண்ணாச்சியும். கோரிக்கை திரையில் ஆயத்தமாக நின்றது. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"தம்பி, சுழி எங்க?"

"எந்தச் சுழி அண்ணாச்சி?"

"எந்தச் சுழியா? பிள்ளையார் சுழிதான். மொத மொதல்ல மெட்ராசுக்குப் போற கடுதாசி, மொட்டையாவா போகும்?"

எங்கள் ஊர் வணிகரை அறிந்தவர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள். உச்சியில் 'உ' இல்லாத காகிதம் அவர்களுக்குக் காகிதமே அன்று. கணக்கில், பில்லில், லாரிச் சீட்டில் போடுவது இருக்கட்டும். மருந்துக் கடைக்கு இருமல் மருந்து எழுதியனுப்பும் துண்டுச் சீட்டிலும் அண்ணாச்சி முதலில் சுழி போட்டுத்தான் இருமலைக் குறிப்பிடுவார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இறைவணக்கமின்றித் தொடங்கிய கூட்டம் ஒன்றையும் நான் கண்டதில்லை. மேலும், கணினியில் தமிழ் எழுத்தை அடிக்கத் தெரிந்தவன் அந்த அலுவலகத்தில் நான் ஒருவனே. உடலின் முதல் வரிக்கும் மேலே இடம் பண்ணி, 'உ' என்று கம்பீரமாக அடித்தேன். அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அனுப்பினேன்.

விடை வந்தது.

"என்ன தம்பி சொல்லுதான்?"

"நானூறுங்கான் அண்ணாச்சி."

"நாம முந்நூறு பண்டல்னுதானே எழுதுனோம்? பாத்தியளா! சுழி போட்டதும் நூறு கூடக் கேக்கான்!"

நானூறு என்பது பண்டல் அல்ல, 'நீ சொன்னது எனக்கு விளங்கவில்லை' என்பதற்கான எண் என்று அவருக்கு விளக்க நேர்ந்தது என் வாழ்வின் துயரமான உரைகளுள் ஒன்று. அவர் முகம் சுருங்கியது. மூன்றில் ஒன்று போயிற்று.

மேடம் படியேறி வந்தார். "கோபி சிரிக்கான். என்ன மாத்துனீங்க?"

"எதையும் மாத்தல மேடம். மங்கலமா ஒண்ணு சேத்தோம்."

அச்சுப்பொறி கரகரத்தது. ஸ்கேல் இறங்கியது. வினை சரி. முகவரி சரி. தலைப்பகுதியைச் சற்று வேகமாகக் கடந்தார். வெற்று வரி. உடலின் முதல் வரியில் ஸ்கேல் நின்றது. நீண்ட 'ம்'.

"இந்த உடம்பு எந்த மாதிரி எழுத்துன்னு அறிவிக்குத வரி ஒண்ணு இருக்குல்லா, அதுதான் எல்லாத்துக்கும் முன்னால நிக்கணும். அதுக்கு முன்னால ஒரு புள்ளி, ஒரு இடைவெளி இருந்தாக்கூட அந்த மிஷின் மேற்கொண்டு படிக்காது. சுழிய எடுங்க."

"அப்ப அனுப்பவே வேண்டாம் தாயி" என்றார் அண்ணாச்சி.

அமைதியாகத்தான் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆலையை இழக்க அவருக்கு விருப்பமில்லை. சுழியில்லாமல் ஒரு காகிதத்தை அனுப்பும் தைரியமும் இல்லை. "எங்கய்யா காலத்துல ஒரு தடவ அவசரத்துல சுழி போடாம ஒரு லோடு அனுப்பியாச்சு. அது நனைஞ்ச தீப்பெட்டியாத்தான் போய்ச் சேந்துச்சு. அந்த வருசம் வீட்டுல யாரும் வயிறாரச் சிரிச்சதில்ல."

"ரெண்டாவது வரியில போடலாம்" என்றார் மேடம். "குறிப்பு மாதிரி. மிஷின் கண்டுக்கிடாது."

"ரெண்டாவதா? பிள்ளையாரையே வரிசையில நிக்கச் சொல்லுதீகளா?"

இங்கேதான் நான் எழுந்தேன். அந்த அறிவிப்பு வரி எழுத்தே அன்று, அது காகிதம். காகிதத்தைக் கிடத்திய பிறகுதானே அதன்மேல் சுழி போட முடியும். காற்றிலா போடுவது என்று மூன்று அடுக்காக எடுத்துரைத்தேன். அண்ணாச்சி யோசித்தார். "காகிதம்னா சரி. காகிதத்துக்கு மேல போட முடியாதுதான்." வெற்றி. அறிவிப்பு வரிக்குக் கீழே, இயந்திரம் பொருட்படுத்தாத குறிப்பாக, 'உ' அமர்ந்தது. அனுப்பினேன்.

மீண்டும் நானூறு.

அண்ணாச்சி இப்போது பண்டல்களைப் பற்றி ஏதும் கேட்கவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கீழே யாரோ பூத்தில், "கேக்குதா? ஏலே, கேக்குதாலே?" என்று எவரிடமோ கதறிக்கொண்டிருந்தார்.

மீண்டும் அச்சு. மீண்டும் ஸ்கேல். இம்முறை மேடம் தலைப்பகுதியில் வேகம் காட்டவில்லை. நீளத்தைக் குறிக்கும் வரியில் ஸ்கேலை நிறுத்தினார்.

"இந்த நீளத்த யாரு எண்ணுனா?"

"நான் எழுதின நிரல் எண்ணுது மேடம். எழுத்தெண்ணிக்கையில எனக்குத் தப்பு வராது."

"'உ' எத்தன?"

"ஓரெழுத்து. குறில்."

"கம்பியில போகும்போது மூணு."

அவர் விளக்கியது இது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் கம்பியில் ஓரிடம் பிடிக்கும். தமிழ் எழுத்து மூன்றிடம் பிடிக்கும். அதுவரை எங்கள் கோரிக்கைகள் அனைத்தும் ஆங்கிலத்தில் போனதால் என் எண்ணிக்கை பிழைக்கவில்லை. இப்போதோ, தலைப்பகுதி 'என் உடலின் நீளம் இவ்வளவு' என்று சொல்கிறது. உடலோ அதைவிட இரண்டிடம் நீண்டிருக்கிறது. தலை சொன்னதை நம்பிய இயந்திரம் அந்த அளவோடு படிப்பதை நிறுத்திவிட்டது; உடலின் கடைசி இரண்டு எழுத்துகள் வாசலிலேயே நின்றுவிட்டன. முடிவுரை இல்லாத பேச்சு! நானூறு கிடைத்ததில் வியப்பென்ன? முதல் முயற்சியிலும் இதே குறை இருந்தது. அங்கே முதல் வரியிலேயே வெளியேற்றப்பட்டதால் கடைசி வரியின் குறை வெளிப்படவில்லை.

"நிரலத் திருத்திருவேன் மேடம். அஞ்சு நிமிசம்."

"ஒரு வாய்ப்புதான் இருக்கு. அதுல வச்சுப் புது நிரலச் சோதிக்க மாட்டேன். உடம்பு முன்ன இருந்தபடியே இருக்கட்டும். அதுல கைய வைக்காதீங்க." பென்சிலின் பின்புறத்தால் காகிதத்தைத் தட்டினார். "வினை நம்முது இல்ல. முகவரி அவிய சொன்னது. உடம்பு அவிய கேட்ட மாதிரிதான் இருக்கணும். தலைப்பகுதியில மட்டும் நாம சொந்தமா ஒரு வரி சேத்துக்கிடலாம். தெரியாத வரியப் பாத்தா அந்த மிஷின் தாண்டிப் போயிரும். சண்டைக்கு வராது."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான். சொந்த வரிகளுக்கு 'எக்ஸ்' என்று முன்னெழுத்துப் போடுவது அக்கால வழக்கம். எக்ஸ்-சுழி என்று பெயரிட்டார். எதிரே 'உ' போட வழியில்லை. தலைப்பகுதியில் ஆங்கில எழுத்துதான் செல்லும். 'u' என்று அடித்தார்.

அண்ணாச்சி மீண்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். "இது இங்கிலீசுல்லா? பிள்ளையாருக்கு இங்கிலீசு தெரியுமா?"

"மெட்ராசு மிஷினுக்குத்தான் தமிழ் தெரியல அண்ணாச்சி. பிள்ளையாரு சமாளிச்சுக்கிடுவாரு."

"அது சரி. ஆனா அதுக்கு மேல ரெண்டு வரி ஓடுதே? சுழி உச்சியில இல்லயே?"

நான் மீண்டும் எழுந்தேன். தலையின் மாண்பு, வரிசையின் தத்துவம், உச்சி என்பது இடத்தைக் குறிக்கிறதா இயல்பைக் குறிக்கிறதா என்னும் ஆய்வு, இவை மூன்றையும் எடுத்துக்கொண்டு உவமைகளோடு முழங்கினேன். முடித்தபோது கீழே பூத்தில்கூடப் பேச்சு நின்றிருந்தது. அண்ணாச்சி என்னைப் பரிவோடு பார்த்தார். "நல்லாப் பேசுதீக தம்பி. ஆனா சுழிக்கு மேல ரெண்டு வரி இருக்கே."

மேடம் நிமிராமலே கேட்டார். "அண்ணாச்சி, தபால்ல போடும்போது உறைக்கு மேல, அட்ரசுக்கும் முன்னாலயா சுழி போடுதீக?"

"அதெப்படி? உள்ள கடுதாசியிலதான்."

"மேல இருக்க ரெண்டு வரியும் அட்ரசு. அத விட்டுட்டா நாம சொல்லுத மொத வார்த்த சுழிதான். உங்க பேரு, ஆலை பேரு எல்லாம் அதுக்குப் பொறவு."

அண்ணாச்சி விரலைத் திரையில் வைத்து வரிவரியாக இறக்கிப் பார்த்தார். அட்ரசு. சுழி. அதன்பின் மற்றவை. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அனுப்பும் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னார் மேடம். அழுத்திவிட்டுக் கையை எடுக்காமல் நின்றார் அண்ணாச்சி. நான் மெல்ல அவர் கையை எடுத்துவிட்டேன். பசுவந்தனை லாரிகளை நான் மறக்கவில்லை. இணைப்பு முனகியது. விடை வந்தது.

"இருநூறு" என்றேன்.

"நூறு கொறச்சுட்டானே தம்பி!"

"இல்ல அண்ணாச்சி! இருநூறுன்னா சரின்னு அர்த்தம்! முந்நூறு பண்டலையும் ஏத்துக்கிட்டான்!"

அவர் சிரிக்கவில்லை. இணைப்பைத் துண்டிக்கச் சொன்னார். தொலைபேசி உயிர் பெற்றதும் ஆலைக்கு எண்ணைச் சுழற்றினார். "ஏட்டி மாரியம்மா, அங்கன நிக்கவங்க எல்லார்ட்டயும் சொல்லு. நாளைக்கு வேலை உண்டு. ஆமா. நாளைக்கழிச்சும் உண்டு. தெனமும் உண்டுட்டி, போ." அதன்பிறகுதான் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். கண்ணாடியை மட்டுமல்ல.

வழக்கு அன்றோடு முடிந்திருந்தால் இது ஒரு தொழில்நுட்பக் குறிப்பாகவே நின்றிருக்கும். அண்ணாச்சி அதை முடியவிடவில்லை. தேநீர்க் கடைதோறும் அவர் சொன்ன வரலாறு இது: "ரெண்டு வாட்டி சுழி சரியா விழல, தட்டிவிட்டுட்டான். மூணாவது வாட்டி உள்ள எடத்துல போட்டோம். மறு பேச்சு பேசல, வாங்கிட்டான்." தோல்வியின் காரணத்தையே வெற்றியின் சான்றாக மாற்றிய அந்த வாதத்திறனின் முன் என் கோப்பைகள் அனைத்தும் தலைகுனிய வேண்டும். அடுத்தடுத்து வந்த ஆலை முதலாளிகள் எல்லாரும் படியேறும்போதே, "தங்கமாரி அண்ணாச்சிக்குப் போட்ட அந்த லைனு நமக்கும் போட்டிருங்க" என்றார்கள். போட்டோம். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போன ஒவ்வொரு தகவலும் எக்ஸ்-சுழியோடுதான் போயிற்று.

காலம் சென்றது. கோபி வேறு வேலைக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் பழைய பதிவுகளை எல்லாம் ஆராய்ந்திருக்கிறார். கோவில்பட்டிப் பகுதியிலிருந்து ஒழுங்காக வந்த தகவல்கள் அனைத்திலும் ஒரு வரி தவறாமல் இருப்பதைக் கண்டிருக்கிறார். அது அந்த வட்டாரத்தின் அடையாளக் குறியாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டியிருக்கிறார். புதிய வழிகாட்டி ஏடு எங்களுக்கு வந்தபோது, கோவில்பட்டி வட்டார ஆலைகளுக்கான பகுதியில் ஒரு வரி இருந்தது: 'எக்ஸ்-சுழி: கட்டாயம். இல்லாத கோரிக்கைகள் நிராகரிக்கப்படும்.'

மேடம் அதை இரண்டு முறை படித்தார். 'ம்' கூட வரவில்லை.

அந்த விதியில் முதலில் சிக்கியவர் கழுகுமலைப் பக்கம் சிறு தீப்பெட்டி ஆலை நடத்திய அறிவழகன். கருப்புச் சட்டையைத் தவிர வேறு நிறச் சட்டை அணியாதவர். கடவுள் மறுப்பு மேடைகளில் அவரோடு எனக்கு நல்ல பழக்கம். தம் கணினியிலிருந்து தாமே தகவல் அனுப்பி, நானூறு வாங்கி, காரணத்தைப் படித்துவிட்டு, பேருந்து பிடித்து நேரே எங்கள் மாடிக்கு வந்துவிட்டார். அவர் வந்த வேளையில் தங்கமாரி அண்ணாச்சியும் தம் சரக்குத் தகவலை அனுப்ப வந்து உட்கார்ந்திருந்தார்.

"என் ஆலையில ஒரு சாமி படம் கிடையாது" என்றார் அறிவழகன். "நான் சுயமரியாதைத் திருமணம் செய்தவன். இப்ப மெட்ராசுல இருக்க ஒரு மிஷினுக்காக நான் பிள்ளையார் சுழி போடணுமா? சரக்கு குடோன்ல கிடந்து மக்கினாலும் போட மாட்டேன்."

"போடாட்டி வாங்க மாட்டான்லா?" என்றார் அண்ணாச்சி. ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டும் வழக்கறிஞரின் நிதானம் அவர் குரலில் இருந்தது.

"இத ஆரம்பிச்சு வச்சது யாரு? அவனச் சொல்லுங்க!"

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். நான் எழுந்தேன். என் பொது வாழ்வில் அப்படியொரு தருணம் முன்பு வாய்த்ததில்லை. ஒருபுறம் நம்பிக்கை, மறுபுறம் மறுப்பு, இருவரும் வாடிக்கையாளர்கள், இருவர் சரக்கும் லாரியில் ஏறக் காத்திருக்கிறது. இரு தரப்புக்குமான உரைகள் என் நெஞ்சில் ஒரே நேரத்தில் திரண்டன. தொண்டையைச் செருமினேன்.

மேடம் வழிகாட்டி ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "வரி இருக்கான்னுதான் பாக்கான். எதிர்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்கல" என்றார். பிறகு அறிவழகன் பக்கம் திரும்பினார். "என்ன போடட்டும் சார்?"

அறிவழகன் கருப்புச் சட்டையின் கழுத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"இல்லைன்னு போடுங்க."

மேடம் அடித்தார். எக்ஸ்-சுழி, எதிரே ஆங்கில எழுத்தில், இல்லை. முதலில் அண்ணாச்சியின் தகவல் போயிற்று. அதன் வாலைப் பிடித்தாற்போல் அதே கம்பியில் அறிவழகனின் தகவலும் போயிற்று. நாங்கள் நால்வரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இருநூறு.

இருநூறு.

"பாத்தியளா, சுழி இருக்கப்போய்த்தான்" என்றார் அண்ணாச்சி.

"பார்த்தீங்களா, இல்லைன்னே சொல்லியாச்சு" என்றார் அறிவழகன்.

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் வழிவிட்டபடி தேநீர் குடிக்கப் படியிறங்கினார்கள். உண்டு என்றவருக்கும் இல்லை என்றவருக்கும் ஒரே எண்ணில் தீர்ப்பளித்து இருவரையும் மகிழ்வித்து அனுப்பிய நடுவரை நான் அதுவரை எந்த மேடையிலும் சந்தித்ததில்லை. செருமிய தொண்டையோடு, உயர்த்திய வலக்கையோடு, நான் மட்டும் அறையின் நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

மேடம் திரையிலிருந்து நிமிர்ந்தார்.

"உக்காருங்க முத்துக்குமார். முடிஞ்சு போச்சு."